இரண்டாம் பாகம் ஏமாற்றம் அளிக்கும்போது: குறை சொல்லும் விளையாட்டாளர்களுக்குப் பதில் எழுதும் முறை

ஒரு கணினி விளையாட்டின் இரண்டாம் பாகத்தை வெளியான அன்றே முழு விலை கொடுத்து வாங்குபவர், பெரும்பாலும் முதல் பாகத்தை நேசித்தவராகவே இருப்பார். அவர் எழுதும் கடுமையான மதிப்பீட்டில் கோபத்துக்கு அடியில் ஓர் ஏமாற்றம் இருக்கிறது. அதைப் படிக்கும் உருவாக்குநருக்கோ, பல ஆண்டு உழைப்பை ஒரே வரியில் தள்ளிவிட்டார்களே என்ற வேதனை. இந்த வேதனையோடு எழுதப்படும் பதில், விளையாட்டில் இருந்த குறையைவிட நீண்ட காலம் மக்கள் நினைவில் நின்றுவிடுகிறது. சிங்கப்பூரில் ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய ஸ்டூடியோக்களில் மக்கள் தொடர்புக்கென்று தனியாக ஆள் வைத்துக்கொள்ள வசதி இருப்பதில்லை. நிரல் எழுதியவரோ ஓவியம் வரைந்தவரோதான் பதிலும் எழுத வேண்டியிருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு இத்துறைக்குள் வரும் நம் தமிழ்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்து, அந்தப் பதிலை எப்படி எழுதுவது, எப்போது எழுதாமல் இருப்பது என்பதை இங்கே விளக்குகிறேன்.

வெளியீட்டுக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியவை

பதில் எழுதும் வேலை, விளையாட்டு வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். குழுவின் பெயரில் பொதுவெளியில் பேசப்போவது யார், அவர் எழுதியதை வெளியிடுமுன் படித்துப் பார்க்கப்போவது யார் என்று இருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். குறை சொல்லப்படக்கூடிய பகுதியை உருவாக்கியவர் இந்த இருவரில் ஒருவராக இல்லாமல் இருப்பது நல்லது. தம் கையால் செய்ததைப் பழிக்கும் வரிகளைப் படித்துவிட்டு நிதானமாக எழுதுவது மிகச் சிலராலேயே முடியும். மற்றவர்கள் தங்கள் சொந்தக் கணக்குகளிலிருந்து விளையாட்டைப் பற்றி வாதாடக் கூடாது என்பதையும் வெளிப்படையாகப் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். டிஸ்கார்ட் என்ற உரையாடல் தளத்தில் நண்பர்களிடம் சொல்வதுபோல் எழுதிய ஒரு வரியும் படமாக எடுக்கப்பட்டு, ஸ்டூடியோவின் கருத்தாகவே வெளியில் சுற்றும்.

அடுத்து, விளம்பரத்தில் சொல்லும் சொற்களில் கவனம் தேவை. ஏனெனில் பின்னால் வரும் விமர்சனத்தின் அளவுகோலை அந்தச் சொற்களே அமைத்துக் கொடுக்கின்றன. நம் ஊரிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. யூபிசாஃப்ட் சிங்கப்பூர் முன்னின்று உருவாக்கிய ஸ்கல் அண்ட் போன்ஸ், 2013-இல் வந்த அசாசின்ஸ் கிரீட் நான்காம் பாகமான பிளாக் ஃபிளாகின் கடற்போர்களிலிருந்து கிளைத்த முயற்சி. பலமுறை தள்ளிப்போடப்பட்டு 2024 பிப்ரவரியில் அது வெளிவந்தது. வெளியீட்டை ஒட்டி, அதன் விலையைப் பற்றிய கேள்விக்கு நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஈவ் கீமோ, பெருஞ்செலவு விளையாட்டுகளைக் குறிக்கும் 'மூன்று ஏ' என்ற சொல்லையும் மிஞ்சி, அதை 'நான்கு ஏ' தரத்து விளையாட்டு என்று வருணித்தார். அந்த ஒரு சொல்லே, விளையாட்டின் ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் வைத்துக் காட்டப்படும் ஏளனச் சொல்லாகிவிட்டது. கப்பல் ஓட்டும் காட்சிகளைச் செதுக்கிய கலைஞர்கள் கேட்டுப் பெற்ற சொல் அன்று அது. உங்கள் விளம்பர வரியை எழுதும்போது, மதிப்பீட்டாளர் ஒருவர் அதையே மேற்கோள் காட்டி உங்களைக் கேள்வி கேட்டால் பதில் இருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பாகத்தில் இருந்து இரண்டாம் பாகத்தில் இல்லாமல்போன அம்சங்களின் பட்டியல் ஒன்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது மிக அவசியம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது ஏன் இல்லை, பிறகு வருமா வராதா என்று ஒரே வரியில் குறித்துவையுங்கள். இரண்டாம் பாகங்களுக்கு வரும் குறைகளில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில் இருந்துதான் வரும்.

முதல் இரவு

கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பல விளையாட்டுகள் அமெரிக்க மேற்குக் கரையின் காலை 10 மணியை ஒட்டி வெளியிடப்படுகின்றன. அது சிங்கப்பூரில் பருவத்துக்கு ஏற்ப நள்ளிரவு தாண்டிய 1 மணி அல்லது 2 மணி. வாரக்கணக்கில் சரியாகத் தூங்காத குழுவினர், விடியற்காலை 4 மணிக்கு முதல் மதிப்பீடுகளைப் படிக்கிறார்கள். இத்துறையில் மோசமான பதில்கள் பிறக்கும் நேரம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அந்த இரவில் ஒருவர் மட்டும் விழித்திருந்து, விளையாட்டு திறக்காமல் போவது, சேமிப்புக் கோப்பு அழிவது போன்ற புகார்களை மட்டும் கவனிக்கட்டும். அவற்றுக்கு, 'பார்த்துவிட்டோம், காரணத்தைத் தேடுகிறோம், சிங்கப்பூர் நேரப்படி காலை 11 மணிக்கு நிலவரம் சொல்கிறோம்' என்று எழுதினால் போதும். சுவை, கதை, வடிவமைப்பு பற்றிய எந்தக் கருத்துக்கும் முதல் 24 மணி நேரத்தில் பதில் எழுத வேண்டாம். எஞ்சியவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும்.

படிக்கும் முறை

மறுநாள் முதல், மதிப்பீடுகளை ஒருவர் படித்துத் தொகுத்து மற்றவர்களுக்குச் சொல்வது நல்லது. எல்லாரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. ஓட்டத்தில் உள்ள பிழை, காணாமல்போன அம்சம், மாற்றியமைத்ததால் வந்த மனக்குறை, விலை பற்றிய வருத்தம் எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணுங்கள். உரக்கச் சொல்லப்படுவதும் பலரால் சொல்லப்படுவதும் பல நேரங்களில் வெவ்வேறாக இருக்கும். ஸ்டீம் 2025 ஆகஸ்டிலிருந்து மொழிவாரியாகவும் மதிப்பெண்ணைக் காட்டுகிறது. ஒரு மொழியில் மட்டும் மதிப்பெண் சரிந்திருந்தால் மொழிபெயர்ப்பிலோ எழுத்துருவிலோ சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒவ்வொரு மதிப்பீட்டின் பக்கத்திலும் எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று ஸ்டீம் காட்டும். இந்த எண், பதில் எழுதுபவருக்குப் பெரிய சோதனை. குழுவில் இளையவர் ஒருவர், "அண்ணா, இவர் நாற்பது நிமிடம்கூட விளையாடவில்லை. அதை எழுதட்டுமா?" என்று கேட்டால், "வேண்டாம்மா. அந்த நாற்பது நிமிடத்தில் எந்த இடத்தில் அவருக்கு அலுத்தது என்று கேட்டு எழுது" என்பதே மூத்தவர் சொல்ல வேண்டிய பதில். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது ஸ்டீமின் விதி. ஆகவே பிடிக்காதவர் அதற்குள் நிறுத்திக்கொள்வது அவருக்கு உரிய உரிமை. அதேபோல் 200 மணி நேரம் விளையாடிவிட்டுக் குறை சொல்பவரிடம், 'பிடிக்காமலா இவ்வளவு நேரம் விளையாடினீர்கள்?' என்று கேட்பதும் தவறு. குறையை நுட்பமாக அறிந்தவர் அவரே. குறைவாக விளையாடியவருக்குத் தகுதி இல்லை, அதிகமாக விளையாடியவருக்குக் காரணம் இல்லை என்று இரு பக்கமும் அடைத்துவிட்டால், விமர்சனம் செய்ய யாருமே மிஞ்சமாட்டார்கள்.

பதிலின் வாசகம்

மோசமான பதில்கள் எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று காணப்படுகிறது: விளையாட்டாளர் தம் அனுபவத்தைச் சொல்கிறார், உருவாக்குநரோ தம் நோக்கத்தைச் சொல்கிறார். 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் இரண்டாம் பாகம் வெளிவரவிருந்தபோது, முழு விலை கொடுத்தும் டார்த் வேடர் என்ற நாயகப் பாத்திரத்தைப் பயன்படுத்த முடியவில்லையே என்று ஒருவர் ரெடிட் என்ற கருத்துத் தளத்தில் கேட்டார். நாயகர்களைத் திறப்பதில் பெருமிதமும் சாதனை உணர்வும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று அதை வெளியிடும் இஏ நிறுவனத்தின் குழு பதில் எழுதியது. அந்த நாயகரைத் திறக்க 60,000 புள்ளிகள் தேவைப்பட்டன. அவற்றைச் சேர்க்கச் சுமார் 40 மணி நேரம் ஆகும் என்று ஒருவர் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். பதிலுக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகள் விழுந்து, அது கின்னஸ் சாதனையாகவே பதிவானது. நிறுவனம் புள்ளிகளை 75 விழுக்காடு குறைத்து 15,000 ஆக்கியது. வெளியீட்டுக்குச் சற்று முன்பு, விளையாட்டுக்குள் பணம் கொடுத்து வாங்கும் வசதியையும் நிறுத்திவைத்தது. முதலிலேயே, 'அளவு அதிகம், மாற்றுகிறோம்' என்று எழுதியிருந்தால், செய்த அதே மாற்றம் நல்லெண்ணத்தை ஈட்டித் தந்திருக்கும்.

இன்னொரு வகை, வாசலைக் காட்டும் பதில். 2018-இல் பேட்டில்ஃபீல்ட் ஐந்தின் முன்னோட்டத்தில் பெண் வீரர் இடம்பெற்றதை ஒரு சாரார் குறை சொன்னபோது, இஏ நிறுவனத்தின் அன்றைய மூத்த நிர்வாகி பேட்ரிக் சோடர்லண்ட், ஏற்றுக்கொள்ளுங்கள் அல்லது வாங்காதீர்கள் என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். அவர் எடுத்த நிலைப்பாடு எனக்கு ஏற்புடையதே; பெண்கள் விளையாட்டில் இடம்பெறுவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வாங்காதே என்று சொன்னது தேவையற்றது. அந்த ஆண்டு இறுதிவரை 73 லட்சம் பிரதிகள் விற்றன, எதிர்பார்த்ததைவிட அது ஏறத்தாழ 10 லட்சம் குறைவு என்று நிறுவனமே பின்னர் அறிவித்தது. தள்ளிப்போன வெளியீட்டுத் தேதி, கடும் போட்டி என்று வேறு காரணங்களும் இருந்தன. எனினும் கொள்கையில் உறுதியாக நிற்பதற்கும் வாடிக்கையாளரைத் துரத்துவதற்கும் இடையில் நிறையச் சொற்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன.

எழுதிக் காட்டினால் தெளிவாகும் என்பதால் ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். உணவங்காடி நிலையத்தில் ஒரு சிறு கடையை நடத்தும் விளையாட்டு. முதல் பாகத்தில் அவசரமே இல்லாமல் பரோட்டா வீசலாம், வாடிக்கையாளரோடு கதை பேசலாம். இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளர் தலைக்கு மேலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஒருவர் எழுதுகிறார்: "முதல் பாகத்தை வேலை முடிந்து வந்து மனம் ஆறுவதற்காக விளையாடினேன். இதை விளையாடினால் மறுபடியும் வேலைக்குப் போனதுபோல் இருக்கிறது. ஏன் கெடுத்தீர்கள்?"

வேதனையில் எழுதிய பதில் இப்படி இருக்கும்: "உண்மையான கடையின் பரபரப்பை உணரவைப்பதே எங்கள் எண்ணம். மேலே செல்லச் செல்ல இதன் அருமை உங்களுக்குப் புரியும். பல விளையாட்டாளர்கள் இதைப் பாராட்டியிருக்கிறார்கள்." மூன்று வாக்கியங்களும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் முதல் வாக்கியம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது, இரண்டாவது அவருக்குப் புரியவில்லை என்கிறது, மூன்றாவது அவரைத் தனியாளாக்குகிறது.

இதையே இப்படி எழுதலாம்: "முதல் பாகத்தின் நிதானத்துக்காக வந்தவருக்கு இந்தக் கடிகாரம் இடைஞ்சலாக இருப்பது எங்களுக்குப் புரிகிறது, இதே கருத்தைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அதை நிறுத்திவைக்கும் வசதியைச் சோதித்து வருகிறோம். அடுத்த பேட்சில் (திருத்தப் பதிப்பில்) அது இருக்குமா இருக்காதா என்பதை வரும் வெள்ளிக்கிழமை அறிவிப்போம். கடிகாரம் தவிர வேறு எது உங்களுக்கு உறுத்தியது என்று சொன்னால் உதவியாக இருக்கும்." அவர் சொன்னதை அவர் சொன்ன அளவிலேயே ஏற்றுக்கொண்டு, செய்வதைச் சொல்லி, ஒரு நாளைக் குறிக்கிறது இந்தப் பதில். கடிகாரத்தை நீக்கவே முடியாது என்றால் அதையும் இதே குரலில் சொல்லலாம்: "விளையாட்டின் மற்ற எல்லாம் இதன்மேல் அமைந்திருப்பதால் இதை நீக்க எங்களால் முடியாது. உங்களுக்கு இது பொருந்தவில்லை என்பதற்கு வருந்துகிறோம்." மறுப்பது அவமதிப்பு ஆகாது. சுற்றி வளைத்து மறுப்பதுதான் ஆத்திரமூட்டும்.

'ஆனால்' என்ற சொல்லை வரைவில் தேடிப் பாருங்கள். வருத்தம் தெரிவித்த வாக்கியத்தின் பின்னால் அது வந்தால், பெரும்பாலும் வருத்தத்தை அழித்துவிடும். குழுவினர் எவ்வளவு கடுமையாக உழைத்தார்கள் என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அந்த உழைப்பு உண்மை, ஆனால் காசு கொடுத்தவர் அதற்குப் பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஸ்டீமில் உருவாக்குநரின் பதில் அந்த மதிப்பீட்டின் கீழேயே எல்லாருக்கும் தெரியும்படி நிற்கும். அதைப் படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் என்பதையும் மனத்தில் வைத்து எழுதுங்கள்.

வாக்குறுதியும் தேதியும்

பின்லாந்தின் கொலாசல் ஆர்டர் உருவாக்கிய சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் முதல் பாகம் 2015-இல் வந்து நகர அமைப்பு விளையாட்டுகளில் முதலிடம் பிடித்தது. 2023 அக்டோபர் 24-இல் வெளியான இரண்டாம் பாகம், வலுவான கணினிகளிலும் திணறியது. நகரத்தின் இயக்கக் கணக்கீட்டைக் குறைகூறியவர்களுக்கு, அது பிடிக்காவிட்டால் இந்த விளையாட்டு உங்களுக்கானதாக இல்லாமல் இருக்கலாம் என்ற பதில் தலைமை நிர்வாகியிடமிருந்தே வந்தது. விளையாட்டாளர் சமூகத்தில் நச்சுத்தன்மை பெருகுகிறது என்று 2024 ஜனவரியில் அவர் கவலை தெரிவித்தார். ஊழியர்களைத் தாக்கியவர்கள் இருந்தார்கள், அந்தக் கவலை நியாயமானது. ஆயினும் அடிப்படைக் குறைகள் தீராமலே 2024 மார்ச்சில் பணம் கொடுத்து வாங்க வேண்டிய கடற்கரைக் கூடுதல் பகுதி வந்தபோது, எச்சரித்தவர்களை யாரும் கேட்கவில்லை என்ற எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. ஏப்ரலில் நிறுவனமும் வெளியீட்டாளரான பாரடாக்ஸும் கூட்டாக மன்னிப்புக் கேட்டு, அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. 2025 நவம்பரில் இரு நிறுவனங்களும் பிரிவதாக அறிவித்தன. தொடர் வேறொரு ஸ்டூடியோவிடம் சென்றது. குறைகள் தீரும்வரை புதிதாக எதையும் விற்காதீர்கள் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முதல் விதி.

ஹெல்டைவர்ஸ் இரண்டாம் பாகம் வேறு வழியைக் காட்டுகிறது. 2024 ஆகஸ்டில் ஆயுதங்களின் வலிமையைக் குறைத்த ஒரு புதுப்பிப்புக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தபோது, ஏரோஹெட் ஸ்டூடியோ 60 நாள் திட்டம் ஒன்றை வெளியிட்டது. செப்டம்பர் நடுவில் வந்த பெரிய பேட்ச், ஆயுதங்களை மீண்டும் வலுவாக்கியது. மதிப்பீடுகளும் மேலேறத் தொடங்கின. 60 என்ற எண்ணில்தான் அதன் வலிமை. 'விரைவில்' என்ற சொல்லை உங்கள் அறிவிப்புகளிலிருந்து முழுவதுமாக நீக்கிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது ஃபைனல் ஃபேண்டஸி பதினான்கின் கதையை. 2010 செப்டம்பர் 30-இல் வெளியாகித் தோல்வியுற்றபோது, ஸ்கொயர் எனிக்ஸ் அந்த டிசம்பரிலேயே மன்னிப்புக் கேட்டு, மாதக் கட்டணம் வசூலிப்பதை ஒத்திவைத்து, நவோக்கி யோஷிடாவைப் புதிய தயாரிப்பாளராக அமர்த்தியது. அவர் தயாரிப்பாளரின் கடிதம் என்ற பெயரில், செய்யப்போவதையும் செய்ய முடியாததையும் தொடர்ந்து விளையாட்டாளர்களுக்கு எழுதினார். 2013 ஆகஸ்டில் விளையாட்டு புதிதாகக் கட்டப்பட்டு மீண்டும் வந்தது. ஐந்து பேர் ஸ்டூடியோவால் ஒரு விளையாட்டை இரண்டு முறை கட்ட முடியாது. மாதம் ஒரு கடிதம் எழுத முடியும்.

எல்லை மீறுபவர்களும் சட்டமும்

கடுஞ்சொல் வேறு, துன்புறுத்தல் வேறு. 'சோம்பேறித்தனமான படைப்பு' என்பது கருத்து. அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். ஊழியரின் வீட்டு முகவரியை வெளியிடுவதும் மிரட்டுவதும் குற்றம். சிங்கப்பூரில் 2014-இன் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம் இதற்கு இருக்கிறது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவரது தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி 1 முதல் அதன்கீழ்க் குற்றமாகும், 2021 ஜூன் முதல் இதற்கெனத் தனி நீதிமன்றமும் இயங்குகிறது. இத்தகைய பதிவுகளுக்குப் பதில் எழுதாமல் படமெடுத்து, தேதியோடு சேமித்து, ஸ்டீமிடமும் தேவையானால் காவல்துறையிடமும் புகார் கொடுங்கள். அவை பற்றிப் பொதுவில் பேச நேர்ந்தால், நேர்மையாகக் குறை சொன்னவர்களை அந்த வாக்கியத்துக்குள் இழுக்காமல் தனியாகப் பேசுங்கள். தாக்கப்பட்ட ஊழியரைத் தனியே விடாதீர்கள். மனம் உடைந்துபோகும் நேரத்தில் தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

கருத்தை அடக்க மட்டும் சட்டத்தைத் தொடாதீர்கள். 2016 செப்டம்பரில் டிஜிட்டல் ஹோமிசைட் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம், ஸ்டீம் பயனர்கள் 100 பேர் மீது வழக்குத் தொடுத்தபோது, ஸ்டீமை நடத்தும் வால்வ் அந்நிறுவனத்தின் விளையாட்டுகள் அனைத்தையும் கடையிலிருந்து அகற்றிவிட்டது. 2013-இல் டே ஒன் கேரிஸ் இன்சிடென்ட் விளையாட்டின் உருவாக்குநர்கள், பாதகமான யூடியூப் விமர்சனத்தைப் பதிப்புரிமைப் புகாரால் நீக்க முயன்று, எதிர்ப்பின் காரணமாகப் பின்வாங்க நேர்ந்தது. அந்த விளையாட்டை இன்றும் மக்கள் நினைவில் வைத்திருப்பது அந்தப் புகாருக்காகத்தான்.

உறவினர்களின் அன்பும் ஒரு சிக்கலே. மதிப்பெண் சரிவதைக் கண்ட சித்தியும் மாமாவும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "நாங்கள் எல்லாரும் நல்லபடியாக எழுதுகிறோம்ப்பா" என்று முன்வருவார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். இலவசக் குறியீட்டால் பெற்ற பிரதிக்கான மதிப்பீடு ஸ்டீமின் மதிப்பெண்ணில் சேராது, செயற்கையாக மதிப்பெண்ணை உயர்த்த முயல்வது விதிமீறல், கண்டுபிடிக்கப்பட்டால் உண்மையான நல்ல மதிப்பீடுகள்மீதும் சந்தேகம் விழும்.

குறை தீர்ந்த பிறகு

ஸ்டீம், மொத்த மதிப்பீட்டோடு கடைசி 30 நாள் மதிப்பீட்டையும் தனியே காட்டுகிறது. சாதகமானவை 40 முதல் 69 விழுக்காடு வரை இருந்தால் 'கலவை' என்றும், 70-ஐத் தொட்டால் 'பெரும்பாலும் நேர்மறை' என்றும் அடையாளம் மாறும். எனவே பேட்ச் வெளியானதும், அது தீர்த்த குறையைச் சுட்டிக்காட்டியவர்களின் மதிப்பீடுகளுக்குத் திரும்பிச் சென்று, உங்கள் பழைய பதிலைத் திருத்தி, எந்தப் பதிப்பில் எந்தத் தேதியில் சரிசெய்யப்பட்டது என்று மட்டும் எழுதுங்கள். மதிப்பீட்டை மாற்றும்படி கேட்காதீர்கள். மாற்ற விரும்புபவர் தாமே மாற்றுவார். வாக்குறுதி கொடுத்த தேதி தவறுமானால், அந்தத் தேதிக்கு முதல் நாளே புதிய தேதியையும் காரணத்தையும் அறிவித்துவிடுங்கள்.